இடப்பக்கம் அக்கா, வலப்பக்கம் தம்பி

மார்ச் 3

தம்பிக்கு,

'அன்புள்ள' என்று எழுதி அடித்துவிட்டேன். அடித்தது தெரியக் கூடாதென்று வேறு தாள் எடுத்து எழுதுகிறேன். அதையும் உன்னிடம் சொல்லியாகிவிட்டது. என் வாய் அப்படி.

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. மாப்பிள்ளையை வெளியே எடுத்திருக்கிறேன். நம் லாரியைத்தான் சொல்கிறேன். விபத்து நடந்து ஒரு வருடமாக இந்த வீட்டில் யாரும் அந்தப் பேரைச் சொல்லாததால் உனக்கே மறந்திருக்கலாம். நாலு பேர் சுற்றி நின்று உபசரித்தால்தான் நகரும் என்று நீ வைத்த பேர்தான் அது. சமையலறைக்குப் பின்னால் நம் பட்டறையில் தார்ப்பாயை இழுத்ததும் ஒரு எலிக் குடும்பமே சட்டி பானை தூக்காத குறையாக இறங்கி ஓடியது. முன்பக்கம் நசுங்கிய தகர டப்பா மாதிரி இருக்கிறது. எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை.

உன் அத்தான் இப்போது கம்பு ஊன்றி நடக்கிறார். வலது காலில் இரும்புக் கம்பி வைத்திருக்கிறார்கள். நாளெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வண்டியை இரும்புக் கடைக்குப் போட்டுவிடு என்கிறார். நான் போட மாட்டேன். சின்னப் பிள்ளையிலிருந்து ஸ்டியரிங்கைத் தவிர வேறெதையும் பிடித்துப் பழகாத மனுஷன். அவரை நாற்காலியில் உட்கார்த்தி வைத்துச் சோறு போடுவதற்கா கல்யாணம் செய்துகொண்டேன்? பழைய ஆயில் பிரேக்கை அந்தக் காலால் மிதிக்க முடியாது. அதனால் முழுதும் எடுத்துவிட்டு ஏர் பிரேக் போடப் போகிறேன். காலை வைத்தாலே போதும், பிடித்துக்கொள்ளும். உடைத்துப் போட்ட ஒரு பஸ்ஸிலிருந்து பவர் ஸ்டியரிங்கும் வாங்கி வைத்திருக்கிறேன்.

சிக்கல் என்னவென்றால், பிரேக் பைப் உன் பக்கமாகப் போகிறது. ஒரே சைக்கிளைப் பழுது பார்க்கப் போய் இரண்டு பேரும் மண்டையை உடைத்துக்கொண்ட நாளிலிருந்து எந்த வண்டியானாலும் இடப்பக்கம் எனக்கு, வலப்பக்கம் உனக்கு. உன் பக்கத்தில் நான் இதுவரை ஒரு திருகைக்கூடத் தொட்டதில்லை. என் பக்கம் நீ எட்டிப் பார்த்ததில்லை. எட்டிப் பார்த்தால் சந்தேகப்பட்டதாகிவிடும். சண்டை போட்டாலும் அந்த வழக்கத்தை நான் மீற விரும்பவில்லை. உன் பக்கத்தைப் பிரிக்கலாமா, கூடாதா என்று ஒரு வரி எழுது.

ஆஸ்பத்திரியில் நான் சொன்னதைப் பற்றி இதில் எழுதப் போவதில்லை. சொன்னது சொன்னதுதான்.

அக்கா

&nbsp;

மார்ச் 9

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

தாராளமாகப் பிரித்துக்கொள். எனக்குப் பக்கம் என்று எதுவும் இப்போது இல்லை. நான் ஒரு உதிரிப் பாகக் கடையில் நிற்கிறேன். பிரேக் ஷூ கேட்டால் எடுத்துக் கொடுப்பேன். எப்படி மாட்டுவது என்று கேட்டால் தெரியாது என்று சொல்லிவிடுவேன். முதலாளி என்னை ஒன்றும் தெரியாத மண்ணு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அதுவே எனக்கு நிம்மதியாக இருக்கிறது.

சகலையை நீ விசாரிக்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். மாப்பிள்ளைக்கு அடுத்ததாக அதே பட்டறையில், அதே அளவில், அதே தகட்டை வெட்டி நாம் கட்டிய லாரி. என் பங்காக நான் ஓட்டிக்கொண்டு வந்தது. இப்போது நான் அதைத் தொடுவதில்லை. என் வீட்டுக்காரிதான் ஓட்டுகிறாள். மலை மேலிருக்கும் நாற்றுப் பண்ணையிலிருந்து செடிகளை ஏற்றிக்கொண்டு அடிவாரத்துச் சந்தைக்குப் போகிறாள். சனிக்கிழமைகளில் மகள் குட்டியும் முன் சீட்டில் ஏறிக்கொள்கிறாள். வீட்டில் வண்டிப் பேச்சே கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். பழுது வந்தால் அவளே ஏதோ பார்த்துக்கொள்கிறாள்.

நீ எழுதப் போவதில்லை என்றதை நான் எழுதுகிறேன். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில், நர்ஸுகள் முன்னால், அத்தானின் அண்ணன்மார் முன்னால், "இவன் கைதான் என் புருஷன் காலை எடுத்துச்சு" என்று சொன்னாய். ஒருவராவது அப்படிச் சொல்லாதே என்பார்களா என்று எல்லார் முகத்தையும் பார்த்தேன். எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நீ சொன்னது சரிதான். விபத்துக்கு ஒரு வாரம் முன்னால் புது பிரேக் பைப் போட்டது நான். ஜாயிண்டை முறுக்கியது நான். ஆயில் மொத்தமும் வடிந்திருந்தது என்று வந்து பார்த்த அதிகாரியும் சொன்னார். சரியாக முறுக்கினேன் என்றுதான் இன்னமும் நினைவு சொல்கிறது. ஆனால் நினைவை எங்கே நம்புவது? படுத்தால் கை தானாக ஸ்பேனரை முறுக்குகிறது.

இனிமேல் எழுதாதே. வந்தால் பிரிக்க மாட்டேன்.

தம்பி

&nbsp;

மார்ச் 17

தம்பி,

முதலில் சகலையை நிறுத்து. மீதியை அப்புறம் படி.

நீ பிரிக்க மாட்டேன் என்று சொன்னால் பிரிக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். உன்னை வளர்த்தவள் நான். அதனால் முக்கியமானதை உறையின் மேலேயே சிவப்பு மையில் எழுதி ஒட்டப் போகிறேன். ஊர் சிரித்தாலும் சிரிக்கட்டும். காலையிலேயே தந்தி ஆபீஸுக்கும் ஓடினேன். கவுண்டரில் நின்ற அவசரத்தில் என்ன எழுதினேன் என்றே நினைவில்லை. நிறுத்து, ஓட்டாதே என்று ஏதோ எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். நேரே கிளம்பி வரலாம் என்றால் உன் அத்தானைத் தனியாக விட்டுவிட்டு வர வழியில்லை.

நேற்று உன் பக்கத்தைப் பிரித்தேன். நீ முறுக்கிய ஜாயிண்டில் ஸ்பேனரைப் போட்டேன். அசையவில்லை. ஸ்பேனரின் நுனியில் இரும்புக் குழாயைச் செருகி, அதன் மேல் என் முழு எடையையும் போட்டேன். அப்போதும் அசையவில்லை. ஒரு சொட்டு ஆயில் கசிந்த தடம் இல்லை. தம்பி, உன் ஜாயிண்ட் நீ கையை எடுத்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. அப்படியானால் ஆயில் எங்கே போயிற்று?

வண்டிக்கு அடியில் முதுகால் நகர்ந்து போய்ப் பார்த்தேன். பைப் நடுவில் அறுந்திருக்கிறது. கடித்துத் துப்பிய மாதிரி. அதைச் சுற்றி சேஸிஸ் சட்டத்தில் வட்ட வட்டமாகச் சுரண்டிய தடம். சுழன்றுகொண்டிருந்த ஏதோ ஒன்று அதன் மேல் அடித்திருக்கிறது. எஞ்சினிலிருந்து பின் சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டைத் தவிர அங்கே சுழல்வதற்கு வேறு என்ன இருக்கிறது?

நீள வண்டி வேண்டுமென்று ஷாஃப்டை இரண்டு துண்டாக்கி, நடுவில் பேரிங் வைத்து, அதைத் தாங்க நாமே ஒரு பிராக்கெட் வெட்டிப் போட்டோமே, நினைவிருக்கிறதா? அது இரண்டாக உடைந்து தொங்குகிறது. உடைந்த இடத்தில் முக்கால்வாசி துரு. புது உடைப்பில் துரு எப்படி வரும்? விபத்துக்கு ரொம்ப நாள் முன்பே விரிசல் விட்டிருக்கிறது. மோதியதில் ஷாஃப்ட் கழன்று விழுந்தது என்றுதான் அத்தனை பேரும் நினைத்தோம். அது விழுந்ததால்தான் வண்டி மோதியிருக்கிறது. "கியர் போட்டேன், பிடிக்கலை" என்று உன் அத்தான் ஆஸ்பத்திரியில் திரும்பத் திரும்பச் சொன்னார். அதிர்ச்சியில் உளறுகிறார் என்று நான் போர்வையை இழுத்துவிட்டேன். ஷாஃப்டே கீழே கிடந்தால் கியர் எதைப் பிடிக்கும்?

அந்த பிராக்கெட்டை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. அது உன்னுடையது என்று நினைத்திருந்தேன். உண்மையைச் சொல், நீ பார்த்திருக்கிறாயா? என்னுடையது என்றுதானே நினைத்திருப்பாய்?

சகலையிலும் அதே பிராக்கெட். அதே தகடு. மலைப்பாதை. முன் சீட்டில் குட்டி. நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அந்த வண்டி எங்கே போய்க்கொண்டிருக்கிறதோ.

தாழ்வாரத்தில் சொன்னது சொன்னதுதான் என்று எழுதியிருந்தேன். இல்லை. அதை வாபஸ் வாங்குகிறேன். நீ என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு, முதலில் வண்டியை நிறுத்து.

அக்கா

&nbsp;

மார்ச் 18

அக்காவுக்கு,

உங்கள் தந்தி கிடைத்தது.

தந்தி என்ற சத்தம் கேட்டதும் என் வீட்டுக்காரி அடுப்பை விட்டு ஓடி வந்தாள். அத்தானுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று அவள் அழவே ஆரம்பித்துவிட்டாள். பிரித்துப் பார்த்தால், 'சகலையை உடனே நிறுத்து இனி ஓட்டக் கூடாது அக்கா.' அவ்வளவுதான். கட்டளை.

ஆக, மாப்பிள்ளையைப் பழுது பார்க்கப் போய் சகலையின் மேலும் கண் விழுந்துவிட்டது. ஏன் நிறுத்த வேண்டும்? இந்தக் கை கட்டிய வண்டி எதுவும் ரோட்டில் ஓடக் கூடாது என்றா? அல்லது அதுவும் உங்கள் பட்டறைச் சொத்து, திருப்பிக் கொண்டுவந்து விடு என்றா? அதில் பாதியைக் கட்டியவன் நான். இங்கே மூன்று பேர் சாப்பிடுவது அந்த வண்டியால்தான். அத்தானுக்கு நேர்ந்ததற்கு என் தொழிலை நானே விட்டுவிட்டேன். அதற்கு மேலும் என்ன தண்டனை பாக்கி இருக்கிறது?

"அண்ணி அப்படி எழுதறவங்க இல்லீங்களே" என்றாள் இவள். உனக்கு அவளைப் பற்றி என்ன தெரியும் என்று கத்திவிட்டுத் தந்தியைக் கிழித்துப் போட்டேன். பண்ணைக்காரரிடம் போய், இன்றிலிருந்து வழக்கத்தைவிட அதிகமாகவே செடி ஏற்றிவிடுங்கள் என்று நானே சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். ஓட்டத்தான் செய்வோம்.

தம்பி

&nbsp;

மார்ச் 21

தம்பி, தம்பி,

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. அதிகமாக ஏற்றச் சொன்னாயா? நானா உன் வண்டிக்கு ஆசைப்படுகிறேன்? பாவி, என்ன காரியம் செய்தாய்.

இல்லை, பாவி நான்தான். காரணத்தை இரண்டு வார்த்தையில் எழுதியிருந்தால் போதும். அதற்கு எனக்குப் புத்தி இல்லாமல் போயிற்று. இப்போது காரணத்தோடு மறுபடியும் தந்தி கொடுத்துவிட்டேன். மலைப் பக்கம் மழையில் கம்பி அறுந்திருக்கிறதாம், எப்போது போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது என்று கவுண்டரில் இருப்பவர் கை விரிக்கிறார்.

உன் அத்தான் நான் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் ஒன்றும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. உன் பெண்டாட்டியும் குட்டியும் இருக்கிறார்களா என்று மட்டும் எழுது.

அக்கா

&nbsp;

மார்ச் 22

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் இருக்கிறோம். அதை முதலில் எழுதிவிட்டுத்தான் மூச்சு விடுகிறேன்.

உன் கடிதம் இன்று காலை கடைக்கு வந்தது. சொன்னபடி பிரிக்கவில்லை. தராசுத் தட்டில் தூக்கிப் போட்டேன். தபால்காரர் போகாமல் நின்று, "சார், மேலயே என்னமோ எழுதியிருக்கே, படிக்கலியா?" என்று கேட்டுவிட்டு அவரே படிக்க ஆரம்பித்தார். நீ பிரிக்க மாட்டாய் என்று தெரியும், சகலையின் நடு பிராக்கெட் உடையும், மாப்பிள்ளையில் உடைந்ததுதான் விபத்து, உன் ஜாயிண்ட் இறுக்கமாகவே இருக்கிறது, வண்டியை நிறுத்து. கடையில் இருந்த எல்லாருக்கும் கேட்டது. எனக்குக் கடைசியாகத்தான் கேட்டது என்று நினைக்கிறேன். காது அடைத்துவிட்டது.

இன்று சனிக்கிழமை. அவளும் குட்டியும் விடிந்ததுமே கிளம்பிவிட்டார்கள். நான் சொன்னபடி அதிகச் சுமையோடு.

முதலாளியின் பைக்கை அவரிடம் கேட்காமலே எடுத்தேன். மழை ஈரத்தில் ஒவ்வொரு வளைவிலும் கீழே எட்டிப் பார்த்துக்கொண்டே இறங்கினேன். கண்ணில் படும் பச்சை எல்லாம் செடிக் கூடையாகத் தெரிந்தது. ஒரு வளைவில் தடுப்புச் சுவர் இடிந்திருந்தது. அது பழைய இடிவு என்று எனக்குத் தெரியும், தினமும் பார்க்கிற இடம்தான். இருந்தும் இறங்கி நின்று பள்ளத்தைப் பார்த்தேன்.

அடிவாரத்துச் சந்தையில் சகலை நின்றுகொண்டிருந்தது. குட்டி பின்னால் தொங்கிக்கொண்டு செடிகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் யாரிடமும் ஒன்றும் பேசவில்லை. சேற்றில் படுத்து நேரே வண்டிக்கு அடியில் போனேன். ஒரு வருடம் கழித்து ஒரு வண்டிக்கு அடியில்.

அங்கே இருந்தது நாம் போட்ட பிராக்கெட் இல்லை. தடித்த தகட்டில் புதிதாக ஒன்று. வெல்டிங் கொஞ்சம் கோணல், ஆனால் கெட்டி. நான் படுத்தபடியே அதைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரி குனிந்து எட்டிப் பார்த்தாள்.

"அதுவா? அது போன மழைக்கே விரிசல் விட்டுடுச்சு. நான்தான் மாத்தினேன்."

"அங்க போய்ப் பாக்கணும்னு உனக்கு யார் சொன்னா?"

"நடுவுல டொக்கு டொக்குன்னு சத்தம் வந்துச்சு. குனிஞ்சு பாத்தேன்."

அப்போது நான் ஒரு முட்டாள் கேள்வி கேட்டேன். அது யார் பக்கத்து வேலை என்று தெரியுமா என்றேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை, பழக்கம். அவள் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"எனக்கு ஏதுங்க பக்கம்? சத்தம் வந்தா நிறுத்திட்டு முழு வண்டியையும்தான் பாப்பேன்."

சீட்டுக்கு அடியிலிருந்து பழைய பிராக்கெட்டை எடுத்துக் காட்டினாள். ஒரு விரல் அகலம் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கழற்றிய அன்றே என்னிடம் காட்டக் கொண்டுவந்தாளாம். வண்டிப் பேச்சு வேண்டாம் என்று நான் எழுந்து வெளியே போய்விட்டேனாம். எனக்கு அது நினைவில்கூட இல்லை. ஒரு வருடமாக என்னைத் தூங்கவிடாத கேள்விக்குப் பதில், தினமும் என் பெண்டாட்டி உட்கார்ந்து ஓட்டுகிற சீட்டுக்கு அடியில் கிடந்திருக்கிறது.

நீ கேட்டதற்குப் பதில்: அந்த பிராக்கெட்டை நான் பார்த்ததில்லை. உன்னுடையது என்றுதான் நினைத்திருந்தேன். மாட்டும்போது நீ உன் பக்கம் நின்று உன் போல்ட்டுகளை முறுக்கினாய், நான் என் பக்கம் நின்று என்னுடையதை முறுக்கினேன். அப்புறம் இரண்டு பேரும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தந்தியைப் பற்றி எழுதியதை மறந்துவிடு. ஏர் பிரேக்குக்கு வேண்டிய வால்வும் ஹோஸும் எங்கள் கடையிலேயே இருக்கின்றன. அத்தானிடம் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டு. என் மேல் அவருக்கும் கோபம் இருக்கும் என்று பயந்துதான் ஒரு தடவைகூட அவரைப் பார்க்க வரவில்லை.

தம்பி

&nbsp;

மார்ச் 27

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தின் முதல் வரியைப் படித்ததும் பட்டறைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உன் அத்தான் கம்பைக்கூட எடுக்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். நல்ல செய்திதான் என்று கடிதத்தைத் தூக்கிக் காட்டினேன். குட்டிக்கு என் முத்தம். உன் பெண்டாட்டிக்கு என்ன கொடுப்பது என்று தெரியவில்லை. காலில் விழலாம் என்றால் வயது இடிக்கிறது.

நீ சொன்னபடி அவருக்கு உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். நீ பைக்கை எடுத்த இடத்தில் லேசாகச் சிரித்தார். 'டொக்கு டொக்கு' என்ற இடம் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. இன்னொரு தடவை படி என்றார். படித்தேன். "நம்ம வண்டியிலயும் வந்துச்சு" என்றார்.

எனக்குப் புரியவில்லை. என்ன வந்தது என்று கேட்டேன்.

"அந்தச் சத்தம். நடுவுலேர்ந்து. விபத்துக்கு முன்னாடி ரொம்ப நாளா."

தம்பி, எனக்குக் கோபம் வரும் என்றுதான் நினைத்தேன். வரவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொல்லச் சங்கடப்பட்டார். விடாமல் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீயும் கேள்.

"யார்கிட்ட சொல்றது? உன்கிட்ட சொன்னா அவன் பக்கம்னுவே. அவன்கிட்ட சொன்னா உன் பக்கம்னுவான். அப்புறம் ரெண்டு பேரும் ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவீங்க. எதுக்கு வீட்ல வம்புன்னு விட்டுட்டேன்."

அந்தச் சத்தம்தான் காரணம் என்று அவருக்குத் தெரியாதாம். பிரேக் என்று நாம் எல்லாரும் சொன்னோம், அவரும் நம்பிவிட்டார். உன் மேல் அவருக்குக் கோபமே இருந்ததில்லையாம். நான் உன்னைத் திட்டும்போதெல்லாம் குறுக்கே பேசினால் சண்டை பெரிதாகும் என்று அதற்கும் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார். வண்டியை இரும்புக் கடைக்குப் போடச் சொன்னதும் ஓட்டப் பிடிக்காமல் இல்லை. வண்டி போய்விட்டால் நான் உன்னைத் திட்டுவதையாவது நிறுத்துவேன் என்றுதான்.

நீயும் நானும் ஒருவரால் ஒருவர் மனம் கோணக் கூடாதென்று ஒரு கோடு போட்டுக்கொண்டோம். அந்தக் கோட்டின் மேலேயே இத்தனை நாளும் இந்த மனுஷன் உட்கார்ந்து வண்டி ஓட்டியிருக்கிறார். வெட்கமாக இருக்கிறது. அதைவிடப் பயமாக இருக்கிறது.

நீங்கள் மூன்று பேரும் சகலையிலேயே கிளம்பி வாருங்கள். உன் பெண்டாட்டிதான் ஓட்ட வேண்டும். வால்வையும் ஹோஸையும் எடுத்துக்கொண்டு வா. வண்டியை முழுதாகப் பிரித்துப் போட்டிருக்கிறேன், இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இல்லாமல் எல்லாரும் எல்லாவற்றையும் பார்ப்போம். அது இரும்பு, பிரித்தால் தெரிந்துவிடும்.

இதை எழுத உட்கார்வதற்கு முன்னால் அவரிடம் கால் வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். ஒரு வருடமாகத் தினமும் கேட்கிறேன், தினமும் இல்லை என்றுதான் சொல்கிறார். இன்றைக்குத்தான் அதை நான் நம்பவில்லை.

அக்கா